பழைய ஆவணங்களைக் காக்கும் பணியில் சேர விரும்புகிறீர்களா? கிழிந்த ஒரு தாளிலிருந்து தொடங்குங்கள்

பள்ளி நாட்களில் எங்கள் வீட்டுக் கிரயப் பத்திரம் மடிப்பில் கிழிந்தபோது, நல்லது செய்வதாக எண்ணி அதன்மேல் செலோ டேப் ஒட்டினேன். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிட்டது; அதன் பசையோ தாளுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாக எழுத்துகளின்மேல் நின்றுவிட்டது. பின்னாளில் திரும்பப் பிரித்தெடுக்க முடியாத எதையும் ஆவணத்தின்மேல் செய்யக்கூடாது என்பதே இத்தொழிலின் அடிப்படை விதி.

முதல் படியாக, பட்டப்படிப்பைத் தேடும் முன் கையைப் பழக்குங்கள். எவருக்கும் தேவைப்படாத பழைய கணக்கு நோட்டின் தாள் ஒன்றைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் மையின்மேல் ஒரு சொட்டு நீரை வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றிப் பாருங்கள். நிறம் ஒட்டினால் ஈரப்பசை கூடாது, வேறு தாளை எடுங்கள். ஒரு பங்கு கோதுமை ஸ்டார்ச்சை நான்கைந்து பங்கு நீரில் கரைத்து, மெல்லிய தீயில் கண்ணாடிபோலத் தெளியும் வரை விடாமல் கிளறி, ஆறியபின் சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள். மைதாவைக் காய்ச்சிய பசையில் புரதம் இருப்பதால் அது பூச்சியை இழுக்கும்; ஆகவே அது வேண்டாம். அடுத்து, ஜப்பானிய மென்தாளில் நீர் தொட்ட தூரிகையால் கோடிட்டு, அக்கோட்டின் வழியே கையால் பிரித்தால் ஓரத்தில் மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். கத்தரிக்கோலால் வெட்டினால் அந்த நார்கள் கிடைக்கா. கிழிசலைப் பற்றிக்கொள்பவையோ அவைதாம். பசை தடவிய பட்டையைக் கிழிசலின் பின்புறம் வைத்து, ஒட்டாத பாலியெஸ்டர் துணி, ஒற்றுத்தாள், கனமான பலகை என்ற வரிசையில் அடுக்கி உலர விடுங்கள். ஈரம் பட்டால் இந்த ஒட்டு மறுபடி விடும் என்பதுதான் இதன் சிறப்பு.

இரண்டாவதாக, பொருளை அறியுங்கள். கந்தலிலிருந்து செய்த பதினெட்டாம் நூற்றாண்டுத் தாள் இன்றும் வளைந்து கொடுக்கும்போது, மரக்கூழில் செய்த 1940களின் தாள் தன் அமிலத்தாலேயே நொறுங்குவதைப் பார்த்திருக்கிறேன். இதனால்தான் வரலாறு படித்தவரோடு வேதியியல் படித்தவரும் இங்கே மிகவும் தேவைப்படுகிறார்.

மூன்றாவது, பழைய எழுத்தைப் படிப்பது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்துக் காட்டியிருக்கமாட்டார்கள். சொல்லைச் சூழலிலிருந்து எடுக்கும் பழக்கம் வர மாதங்கள் ஆகும், பொறுமையாக இருங்கள். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓலைச்சுவடித் துறையே உள்ளது. தஞ்சை மராத்தியர் கால ஆவணங்களில் ஆர்வம் இருந்தால் மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட மோடி என்ற பழைய எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அடுத்ததாக முறையான பயிற்சி. 1891 இல் கல்கத்தாவில் தொடங்கி இப்போது புதுதில்லியில் இயங்கும் இந்திய தேசிய ஆவணக் காப்பகம், தன் ஆவணவியல் பள்ளியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் பழுதுபார்த்தல் போன்றவற்றில் சில வாரக் குறுகிய படிப்புகளையும் நடத்துகிறது. தகுதியையும் கட்டணத்தையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். 1993 ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தையும் ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். 1892 இலோ அதற்கு முன்போ உருவான மத்திய அரசு ஆவணத்தை, ஆவணமாகப் பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்திருந்தால் ஒழிய, அழிக்கக்கூடாது என்று அது சொல்கிறது.

ஓர் ஆவணக் கட்டைப் பிரிக்கும்போது தாள்கள் இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். தேதி வாரியாக அடுக்கத் தோன்றும்; ஆனால் ஒரு குமாஸ்தா எந்த மனுவுக்குக் கீழே எந்தப் பதிலைக் கட்டினார் என்பதே பல சமயங்களில் வழக்கின் கதையைச் சொல்லும்.

வேலைக்கான நேர்காணலுக்குச் செல்லும்போது சான்றிதழ்களோடு, நீங்கள் சீர்செய்த தாள்களின் முன்-பின் புகைப்படங்களையும், எந்தப் பசையை எந்த நாளில் எங்கே பயன்படுத்தினீர்கள் என்று எழுதிய குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.