காது கேளாதோர் பற்றிய ஆய்வு: நூலகத்தில் சறுக்கும் இடங்கள்

நூலகக் கணினியில் ‘டெஃப் ஸ்டடீஸ்’ என்று தட்டுவோம். ஒன்றும் வராது. இங்கே இதற்கெல்லாம் புத்தகம் இருக்காது என்று எழுந்துவிடுவோம். நானும் அப்படி எழுந்து வந்தவன்தான். புத்தகம் இருந்தது, அந்தப் பெயரில் இல்லை, அவ்வளவுதான்.

பொருளுக்கு ஓர் எண் கொடுத்துப் புத்தகங்களைப் பிரிக்கும் டூயி முறையில் அடுக்கிய நூலகத்தில் இதற்கென்று தனி அலமாரி கிடையாது. சைகை மொழி 419-இல், கேளாதோர் கல்வி 371.912-இல், நலப்பணிகள் 362.42-இல் என்று சிதறிக் கிடக்கும். காது மருத்துவம் 617.8. பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே கேளாதவர் வெறும் நோயாளி; அவரை ஒரு சமூகத்தின் ஆளாகப் பார்க்கும் நூல் வேண்டுமென்றால் 305.9 பக்கம் போக வேண்டும்.

அடுத்தது, நாகரிகம் பார்த்துத் தேடுவது. ‘செவித்திறன் குறைபாடு’ நேற்று வந்த சொல். பழைய பதிவுகளில் ‘செவிடர்’, ‘ஊமை’ என்றுதான் இருக்கும். 1881 முதல் 1931 வரையிலான ஆங்கிலேயர் கணக்கெடுப்புகளில் ‘டெஃப்-மியூட்’ என்று தேட வேண்டும். எழுதும்போது அந்தச் சொற்கள் வேண்டாம். தேடும்போது கூச்சம் வேண்டாம்.

ஊர்ப் பெயரும் இப்படித்தான் காலை வாரும். கடலூர் மாவட்டம் உருவானதே 1993-இல். அதற்கு முந்தைய கணக்கெல்லாம் தென்னார்க்காடு என்ற பெயரில் இருக்கும். அந்த 1931 கணக்கெடுப்பில் புதுச்சேரியைத் தேடி மெனக்கெடாதீர்கள். அப்போது அது பிரெஞ்சுக்காரர் கையில். அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஆவணங்களில் ‘சூர்-மியூஎ’ (sourd-muet, ‘டெஃப்-மியூட்’டின் பிரெஞ்சு) என்று தேடுங்கள். புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கோ காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஆனந்த ரங்கப்பிள்ளை நூலகத்துக்கோ கிளம்பும் முன், எண்களையும் இந்தச் சொற்களையும் ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அமெரிக்கச் சைகை மொழி பற்றிய நூலை வைத்து நம்மூர்ச் சைகையை விளக்குவது. இரண்டும் வேறு வேறு மொழிகள். அமெரிக்கச் சைகைக்குப் பிரெஞ்சுச் சைகைதான் உறவு. ஆங்கிலம் பேசும் பிரிட்டனின் சைகை அதற்கு அந்நியம். இந்தியச் சைகை மொழிக்கு டெல்லியில் உள்ள ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதி இருக்கிறது. 2018-இல் 3,000 சொற்களோடு தொடங்கி 2021-இல் 10,000 ஆனது. எல்லாம் வீடியோ. அச்சில் இல்லை என்று அதை ஆதாரமாகச் சேர்க்காமல் விடுகிறவர்களும் உண்டு. கையும் முகமும் பேசும் மொழியை அச்சில் மட்டும் தேடினால் எப்படி?

சரி, எதுவுமே சிக்கவில்லையா? இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் சிறப்புக் கல்வி ஆய்வேடு ஒன்றைத் திறந்து, நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். உங்களுக்கு முன்னால் யாரோ அலைந்து திரிந்து சேர்த்த நூற்பட்டியல் அங்கே இருக்கும்.