4 ஜிபி முட்டுக்கட்டை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், பழைய மடிக்கணினியில் இருந்ததை எல்லாம் காப்பு நகலெடுத்துப் புதியதற்கு மாற்ற உட்கார்ந்தேன். வெளி ஹார்ட் டிஸ்கில் 300 ஜிபி காலி. ஆனாலும் தங்கையின் திருமண வீடியோ மட்டும் ஏற மறுத்தது. கோப்பு மிகப் பெரியதாம். இடம் கிடக்கும்போது என்ன அடம்? கேபிளைச் சந்தேகித்து வேறொன்று வாங்கினேன். 25 ரிங்கிட் தண்டம்.

பிறகுதான் டிஸ்கின் பண்புகளைத் திறந்து பார்த்தேன்: ஃபேட்32 என்ற, டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறை. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வீடியோவோ 11 ஜிபி. பெரிய கோப்புகளையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் முறைக்கு டிஸ்கை மாற்றினேன். மாற்றினால் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், ஏற்கெனவே ஏற்றியவற்றை மறுபடி நகலெடுக்க வேண்டியதாயிற்று.

நள்ளிரவில் புதிய கணினியில் நாதஸ்வரம் முழங்க, அம்மா தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து நின்றார். பழைய மடிக்கணினியில் உள்ளதை இன்னும் ஒரு மாதத்திற்கு அழிக்கப்போவதில்லை.