அரசியல்வாதியோட வீட்டு விஷயம் எப்போ நம்ம விஷயம் ஆகுது? ஷேர் பண்றதுக்கு முன்னாடி இப்படி பாருங்க

யாரோ ஒரு மந்திரிக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு குரூப்ல ஒரு வீடியோ வந்து விழும், கீழ "அதிகம் பகிரவும்"னு வேற போட்டிருப்பாங்க, நமக்கும் கை பரபரன்னு வரும். அந்த நேரத்துல நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுப் பாப்பேன். அவரோட பதவி இந்த விஷயத்துக்குள்ள எங்கயாவது வந்திருக்கா? பதவின்னா அரசாங்கப் பணம், அரசாங்க ஆளுங்க, அவர் போட்ட கையெழுத்து, அவர் கொண்டுவந்த சட்டம், சபைல எந்திரிச்சு நின்னு அவர் சொன்ன வார்த்தை. வந்திருந்தா தாராளமா கேள்வி கேளுங்க, வரலைன்னா அது திண்ணைப் பேச்சு, அவ்ளோதான்.

கேக்க ஈசியா இருக்குல்ல, பிரான்ஸ் பிரசிடென்ட்டா இருந்த மித்தரான் கதைல வச்சு பாத்தா எவ்ளோ சிக்கல்னு புரியும். அவருக்கு கல்யாணத்துக்கு வெளிய பொறந்த ஒரு மக இருந்தாங்க, பத்திரிகைக்காரங்க பல பேருக்கு தெரிஞ்சும் 1994ல ஒரு பத்திரிகை போட்டோ போடுற வரைக்கும் யாரும் பெருசா எழுதல. இதுவரைக்கும் அது அவர் வீட்டு விஷயம்தான், அந்தப் பொண்ணு பாவம் எந்தத் தேர்தல்லயும் நிக்கல. ஆனா அவங்களும் அவங்க அம்மாவும் தங்கினது அரசாங்க வீட்டுல, காவல் நின்னது அரசாங்க போலீஸ். அதுக்கும் மேல, 1983ல இருந்து 1986 வரைக்கும் ஜனாதிபதி மாளிகைலயே ஒரு டீம் உக்காந்து பத்திரிகைக்காரங்க, எழுத்தாளர்கள் போனையெல்லாம் ஒட்டுக்கேட்டுச்சு, அதுல இந்தப் பொண்ணு விஷயத்த வெளிய சொல்லிருவாருன்னு பயந்து ஒரு எழுத்தாளர் போனும் ஒண்ணு. அந்த இடத்துல ஆட்டம் மாறிடுச்சு. இதுக்காக 2005ல பாரிஸ் கோர்ட்ல பல பேருக்கு தண்டனையும் கெடச்சுது. நீங்க எழுதுறதா இருந்தா இந்த வீடு, போலீஸ், ஒட்டுக்கேட்ட கதைய எழுதுங்க, பொண்ணு எங்க படிச்சாங்க எப்படி இருக்காங்கங்கறது வேண்டாம்.

உடம்பு விஷயம் இதவிட குழப்பம். சாதாரணமா ஒருத்தரோட மெடிக்கல் ரிப்போர்ட்ட தொடவே கூடாது, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா அதே மித்தரான் 1981ல ஜெயிச்சு வந்து, என் உடல்நிலை பத்தி ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அறிக்கை குடுப்பேன்னு சொன்னாரு, அந்த வருஷமே கேன்சர்னு தெரிஞ்சுது, 1992 வரைக்கும் எல்லாம் நல்லாருக்குன்னே அறிக்கை வந்துட்டிருந்துச்சு. 1996 ஜனவரில அவர் செத்த கொஞ்ச நாள்லயே அவரோட டாக்டர் இத புத்தகமா போட்டுட்டாரு, உடனே கோர்ட் தடை. 2004ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் சொன்னத கவனிங்க: குடும்பம் துக்கத்துல இருந்தப்போ போட்ட தற்காலிகத் தடை சரி, மாசக்கணக்கா போனப்புறமும் அத நிரந்தரமாக்கினது தப்பு. அதாவது ஒரே விஷயம், ஆனா எப்போ சொல்றோம்ங்கறதும் கணக்குல வரும்.

அப்புறம் பொய். 1963 மார்ச்ல பிரிட்டன் போர் மந்திரி புரொபியூமோ, ஒரு பொண்ணோட தனக்கு தப்பான தொடர்பு எதுவும் இல்லன்னு பார்லிமென்ட்ல சொன்னாரு. அந்தப் பொண்ணுக்கு சோவியத் கடற்படை அதிகாரி ஒருத்தரோடயும் பழக்கம்ங்கறதால பாதுகாப்பு கேள்வி ஏற்கனவே இருந்துச்சு, ஆனா ஜூன்ல ராஜினாமா பண்ணப்போ அவர் ஒத்துக்கிட்டது சபைல பொய் சொன்னதத்தான். 2021ல அதே பிரிட்டன்ல மேட் ஹான்காக் கதையும் ஏறக்குறைய இதே ரகம், கொரோனா நேரத்துல எல்லாரும் தள்ளி நில்லுங்கன்னு ஊருக்கு சொன்ன சுகாதார மந்திரி ஆபீஸ்லயே ஒருத்தரக் கட்டிப்புடிச்சு முத்தம் குடுத்தது கேமராவுல மாட்டிக்கிச்சு. வேற எந்த வருஷமா இருந்தாலும் அது அவங்க ரெண்டு வீட்டுப் பிரச்சனையா முடிஞ்சிருக்கும்னு நான் நினைக்கறேன்.

சரி, பதவி உள்ள வந்திருக்குன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா கூட அப்படியே தூக்கிப் போட்ராதீங்க. முதல்ல ஆதாரம், இப்போ குரலையும் முகத்தையும் செட்டப் பண்றது பத்து நிமிஷ வேலை, அதனால கோர்ட் பேப்பர், சொத்துக் கணக்கு, சபைக் குறிப்பு மாதிரி ஏதாவது இருக்கான்னு பாருங்க. அப்புறம் தேவையான அளவு மட்டும் போதும்: அரசாங்கப் பணத்துல வீடு எடுத்தாருன்னு சொல்ல வாடகை ரசீது போதும், பெட்ரூம் வீடியோ எதுக்கு? கூட இருந்தவங்க பேர், முகம், குழந்தைங்க போட்டோ எல்லாத்தையும் எடுத்துருங்க, முக்கியமா பாதிக்கப்பட்டவங்கன்னா கட்டாயம் எடுத்துருங்க. இன்னொண்ணு, புடிக்காத கட்சிக்காரர் பேர அழிச்சிட்டு உங்களுக்கு புடிச்ச தலைவர் பேர அங்க போட்டுப் படிங்க, அப்பவும் இது பொது விஷயம்தான்னு தோணுதா? (நான் இதுல ரெண்டு மூணு தடவ ஃபெயில் ஆயிருக்கேன்.)

ஏற்கனவே ஷேர் பண்ணிட்டு அப்புறம் பொய்னு தெரிஞ்சா, டெலிட் மட்டும் பண்ணிட்டு கமுக்கமா இருந்துராதீங்க, அதே குரூப்ல போய் நான் போட்டது தப்புன்னு ஒரு வரி போடுங்க, ஏன்னா உங்ககிட்ட இருந்து வாங்கினவங்க அத இந்நேரம் இன்னொரு பத்து இடத்துல போட்டிருப்பாங்க.