பழைய கம்ப்யூட்டர் வாங்கியதும் செய்ய வேண்டியவை

பிள்ளைகளின் படிப்புக்காகப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கும் அல்சூர், சிவாஜிநகர் நண்பர்களுக்காக இது. வீட்டுக்கு வந்ததும் எந்த விண்டோஸ் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுமானால் ஏற்றிவிடுங்கள். ஏறாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம், இலவசம்தான்.

தனியாக ஆன்டிவைரஸ் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. முதல் நாளே அதில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பவையும் சிக்கும். சுமார் 15 நிமிட வேலை. கிராக் செய்த (காசு கொடுக்காமல் ஓடும்படி பூட்டை உடைத்த) சாஃப்ட்வேர் மட்டும் வேண்டவே வேண்டாம், யார் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்றாலும்.

பிரவுசருக்கு ஃபயர்பாக்ஸைத்தான் சொல்வேன். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் அதில் முழு பலத்தோடு ஓடுகிறது. குரோமில் இப்போது அதன் லைட் வடிவம்தான். போலி டவுன்லோட் பட்டன்கள் பல விளம்பரமாகத்தான் வருகின்றன என்பதால் இது முக்கியம்.

அப்புறம், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று திரையின் மூலையில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் அறிவிப்பு. பெரும்பாலும் அது எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் 'அலவ்' அழுத்தியதன் விளைவு. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அதில் காட்டும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். ஏற்கனவே பேசிப் பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.