பண்டிகை நாளிலும் வேலையா? சம்பளத்தை இப்படிக் கேளுங்கள்

மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் நிற்கிறவர், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் மிஷின் ஓட்டுகிறவர், மாட்டுத்தாவணி ஓட்டலில் பரிமாறுகிறவர், யாராக இருந்தாலும் வருடத்துக்கு 9 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. முதலாளி மனசு வைத்தால்தான் கிடைக்கும் என்று நம்மூரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு. 1958-லேயே இதற்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நான்கையும் யாரும் மாற்ற முடியாது. மீதி 5 பண்டிகை நாட்கள். அவை எவை என்பதை ஊழியர்களையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், அதனால் வருடத் தொடக்கத்திலேயே பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முக்கியமாக அழகர் ஆற்றில் இறங்கும் நாள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கலெக்டர் அறிவிக்கிற உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகத்துக்கும் பள்ளி, கல்லூரிக்கும்தான், தனியார் கடைக்கு அது தானாக வந்து சேராது. வாராந்திர லீவு இந்த 9-ல் சேராது, அது தனி. தேர்தல் நாளில் ஓட்டுப் போடச் சம்பளத்தோடு விட வேண்டியதும் தனி.

சரி, அந்த நாளில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டால்? இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்தோடு லீவும். இரண்டில் எது வேண்டும் என்று சொல்ல வேண்டியது நீங்கள், மேனேஜர் இல்லை. நாள் கூலி 600 என்றால் 1,200 கையில் வர வேண்டும். மாதச் சம்பளக்காரரிடம் "அதெல்லாம் சம்பளத்துலயே அடக்கம்பா" என்பார்கள். அதில் அடங்கியிருப்பது லீவு நாளுக்கான ஒரு நாள் சம்பளம் மட்டும்தான், வேலை பார்த்ததற்கு இன்னொரு நாள் சம்பளம் மேற்கொண்டு வர வேண்டும்.

வாயால் கேட்டதோடு விடாதீர்கள். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்: "சார், இன்று அக்டோபர் 2, காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை கடையில் இருந்தேன். இரட்டைச் சம்பளமாக வாங்கிக்கொள்கிறேன்." வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே அன்று என்ன போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள், வேலை பார்த்த நாளிலேயே லீவு என்று எழுதியிருந்தால் உடனே சொல்லுங்கள்.

அப்படியும் தரவில்லையா, தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். தனியாகப் போனால் வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான், கூட வேலை பார்க்கிற நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.