பெங்களூரு ஜனவரியும் புளிக்காத மாவும்

போன ஞாயிற்றுக்கிழமை பன்னேர்கட்டா சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உணவுத் திருவிழா. எனக்குப் பக்கத்துக் கடை ஓர் இளம் தம்பதியுடையது. காலை ஆறரை மணிக்கு அந்தப் பெண் மாவுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். இரவு ஊற்றிய மட்டத்திலேயே மாவு நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன். பெங்களூரு உணவுத் திருவிழாக்களில் முதல்முறை தமிழ்ச் சாப்பாட்டுக் கடை போடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையுறை, குப்பைத்தொட்டி பற்றியெல்லாம் விழா நடத்துபவரே சொல்லிவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊர்க் கணக்கில் மாவரைப்பது

மதுரையில் மாலை ஆறு மணிக்கு அரைத்து வைத்தால் விடிவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளும். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் வெப்பம் 15 டிகிரி வரை இறங்கும்; மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கோ 30 டிகிரிப் பக்கம்தான் சுறுசுறுப்பு. இது தெரியாமல் என் முதல் கடைக்கு 15 கிலோ அரிசி ஊறவைத்தேன். கிரைண்டர் சூட்டில் உளுந்து கெட்டுவிடுமே என்று ஐஸ் தண்ணீர் வேறு தெளித்தேன். மார்கழிக் குளிரில் ஐஸ் தண்ணீர்! காலையில் மாவு சிமெண்டுக் கலவைபோலக் கிடந்தது. பதற்றத்தில் சோடா உப்பை அள்ளிப் போட்டேன். இட்லி மஞ்சளாகி சோப்பு வாடை அடித்தது. முதல் விள்ளலை வாயில் வைத்த பெரியவர் தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். கடை வாடகையும் அரிசியும் சாக்கடைக்குப் போயின.

இப்போது முந்தின நாள் நண்பகலிலேயே அரைத்துவிடுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கரண்டி பழைய மாவு, உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலப்பது. பாத்திரத்தில் பாதிதான் நிரப்புவேன். கோணிச்சாக்கு சுற்றிப் பலகைமேல் வைப்பேன். வெறுந்தரை சூட்டை இழுத்துவிடும். இதைச் சொன்னால் “அம்மா சொன்ன கணக்கு” என்று பதில் வருகிறது. அம்மா அரைத்தது திருநெல்வேலியில்!

அந்தப் பெண்ணை இட்லியை மறக்கச் சொன்னேன். அதே மாவில் ரவையும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, தண்ணீராகக் கரைத்து ஊற்றினால் முறுகலான தோசையாவது வரும். பலகையில் ‘இட்லி’ என்பதைத் துப்பட்டா நுனியால் துடைத்தார்.

சாம்பாரில் வெல்லம்

வேண்டாம். இனிப்புச் சாம்பார் தெருமுனை தர்ஷினியில், அதாவது நின்றபடி சாப்பிடும் சிற்றுணவகத்தில், கிடைக்கும். உங்களிடம் வருவது புளிப்புக்காக.

சிறுதானியப் பலகை

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கடைக்குக் கடை இந்தப் பலகை தொங்குகிறது. தோசை மாவில் ஒரு கரண்டி ராகி மாவைத் தூவிவிட்டு விலையை ஏற்றுகிறார்கள். வாங்க வருபவரோ ராகி முத்தே (களி உருண்டை) தின்று வளர்ந்தவர். நிறத்தைப் பார்த்தே சிரித்துவிடுவார். முழு ராகியை ஊறவைத்து அரையுங்கள், அல்லது பலகையை இறக்குங்கள்.

பெயர்ப்பலகை

கன்னடம் மேலே இருக்கட்டும்.

பிதுக்குப் பருப்பு

பெங்களூரு அவரை மேளாவை, அதாவது அவரைக்கொட்டைப் பலகாரத் திருவிழாவை, பார்த்துவிட்டு ஆசைப்படாதீர்கள். ஊறிய அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பிதுக்க வேண்டும். ஒரு மாலை முழுக்க நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தும் ஒரு தூக்குச்சட்டிதான் நிரம்பியது. மறுநாள் முக்கால் மணி நேரத்தில் அது காலி.