குடும்பிகலவும் உகந்தமலையும் ஒரே நாளில்

இலங்கையின் கிழக்கே, பொத்துவிலுக்குத் தெற்கில் பாணமையையும் தாண்டித்தான் இந்த இரண்டு இடங்களும். மட்டக்களப்பில் இருந்து பொத்துவிலே 100 கிலோமீட்டருக்கு மேல், அதனால் விடியமுன் வெளிக்கிடுங்கள், முதல்நாள் இரவே பொத்துவிலில் தங்கினால் இன்னும் நல்லது. பாணமை தாண்டினால் கடைகள் கிடையாது. தண்ணீரும் சாப்பாடும் பாணமையிலேயே வாங்குங்கள்.

முதலில் குடும்பிகல, காட்டுக்குள் பாறைக்குன்றுகளில் இருக்கும் பழைய பௌத்த மடாலயம். வெயில் ஏறினால் வெறுங்காலோடு பாறையில் நிற்க முடியாது. துறவிகள் இருந்த குகைகளில் வாசலுக்கு மேலே பாருங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்குப் பாறையில் ஒரு விளிம்பு வெட்டியிருக்கும், சிலவற்றில் அதன் கீழ் பிராமி என்ற பழங்கால எழுத்தும் உண்டு. பலர் இதைக் கவனிக்காமல் உச்சித் தூபிக்கு ஓடி செல்ஃபி எடுப்பார்கள். மேலே காற்று பலமாக அடிக்கும், ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, சத்தம் வேண்டாம், இப்போதும் பிக்குகள் இருக்கும் இடம்.

அப்புறம் உகந்தை, அதாவது உகந்தமலை. அங்கே வாகனத்தை விட்டுவிட்டு எல்லாம் நடைதான்: கீழே முருகன் கோயில், பாறை மேல் வள்ளியம்மன், சுனைகள், பக்கத்திலேயே கடற்கரை. கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் அடியார்கள் காட்டுக்குள் இறங்குமுன் கூடுவது இங்கேதான், அந்த நாட்களில் கூட்டம் தாங்காது.

பொழுதுபடமுன் பாணமைக்குத் திரும்பிவிடுங்கள். இருட்டினால் ரோட்டில் யானை நிற்கும், ஹோர்ன் அடிக்காமல் தூரத்திலேயே நின்று வழிவிடுங்கள்.